பாலமுனையும் இந்திப் பாடலும்
தொடக்ககாலத் திரையிசையைச் சுவைத்தமை பற்றி ஒரு வரலாற்று நோக்கு

அம்பாறை மாவட்டத்துக் கரையோரத்தில், ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் இடையே அமைந்த ஊர் பாலமுனை. கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக, வேளாண்மையையும் மீன்பிடியையும் நம்பி வாழ்ந்துவரும் தமிழ் பேசும் முஸ்லிம்களின் ஊர் அது. இந்தி மொழியைப் பேசவோ எழுதவோ அங்கு எவரும் கற்றதில்லை; கற்பிக்க ஒரு பள்ளியும் இருந்ததில்லை. ஆயினும், இன்று எண்பது வயதைத் தாண்டி நிற்கும் முதியோர் சிலரிடம் சென்று நௌஷாத்தின் பெயரையோ சைகாலின் பெயரையோ சொன்னால், முகம் மலர்ந்து ஒரு மெட்டை முணுமுணுப்பர். சொற்கள் சிதைந்திருக்கும்; சுருதி பிசகாது. என் மூத்தவாப்பாவும் அவர்களுள் ஒருவராக இருந்தார். தாம் பாடியது எப்படத்துப் பாடல் என்பதோ, அதன் பொருள் யாதென்பதோ அவருக்குத் தெரியாது. கேட்டால், "பொருள் என்னத்துக்கு மகன், பாட்டுத்தானே" என்பார்.

மொழி அறியாதார் ஒரு மொழியின் பாட்டைச் சுவைத்தது எவ்வாறு? இவ்வினாவுக்கு "இசைக்கு மொழியில்லை" என்று விடை கூறி நகர்ந்துவிடுவது எளிது. எனினும் அவ்விடை எதையும் விளக்குவதாக இல்லை. பாலமுனை மக்கள் சீனத்துப் பாடலைச் சுவைக்கவில்லை. ஆங்கிலப் பாடலையும் அவ்வளவாகச் சுவைக்கவில்லை. இந்திப் பாடலைத்தான் சுவைத்தனர். ஆகவே அப்பாடலிலும் அம்மக்களின் செவியிலும் ஏதோ ஒன்று முன்னமே பொருந்தியிருந்திருத்தல் வேண்டும். அப்பொருத்தம் எத்தகையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் பாடலின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இந்தியாவின் முதற் பேசும்படமான 'ஆலம் ஆரா' 1931ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் திகதி பம்பாயில் திரையிடப்பட்டது. அர்தேஷிர் இரானி இயக்கிய அப்படத்தில் ஏழு பாடல்கள் இடம்பெற்றன. அவற்றுள் முதலாவதைப் பாடியவர் வஸீர் முகம்மது கான். படத்தில் அவர் ஏற்ற பாத்திரம் ஒரு பக்கீர். பாடல், இறைவன் பெயரால் ஈகை வேண்டுவது. பக்கவாத்தியம் ஆர்மோனியமும் தபேலாவும். படத்தின் பிரதி எதுவும் இன்று எஞ்சவில்லை. அப்பாடல் இசைத்தட்டாக வெளிவராமையால் அதன் மூல ஒலியையும் நாம் கேட்க வழியில்லை. எனினும் இந்தித் திரையின் முதற்பாட்டு ஒரு பக்கீரின் பாட்டு என்ற செய்தி எம்மூரவர் மனங்கொள்ளத்தக்கது. ஏனெனில் கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் தெருத்தெருவாக வந்து, தாயிரா கொட்டி, இறைவனையும் நபியவர்களையும் வலிமாரையும் பாடி நின்ற பக்கீர்மாரை அறியாதார் இல்லை. றமழான் மாதத்தில் சஹர் நேரத்து உறக்கத்தைக் கலைத்தது அவர்தம் பைத்தே. பம்பாயிலே ஒலிவாங்கியின் முன் நின்ற பக்கீரும், பாலமுனைப் படலையில் நின்ற பக்கீரும் ஒரே மரபின் இரு கிளைகள் எனலாம்.

பேசும்படத்துக்கு இசை வெறுவெளியிலிருந்து வரவில்லை. பார்சி நாடகக் கம்பனிகளின் மேடையிலிருந்தே அது வந்தது. இலக்னோவில் ஆகா ஹசன் அமானத் இயற்றிய 'இந்தர் சபா' என்னும் உருது இசைநாடகத்தை இக்கம்பனிகள் ஊரூராகக் கொண்டு சென்றன. 1932இல் அது படமாக்கப்பட்டபோது அதில் எழுபதளவு பாடல்கள் இருந்தன என்றால், அக்காலத்துப் படமென்பது பாட்டின் தொகுதியே என்பது விளங்கும். இக்கம்பனிகளுள் ஒன்று 1877இல் கொழும்புக்கும் வந்தது. அதன் வருகையின் பின்னரே சிங்கள நூர்த்தி நாடகம் தோன்றியது. ஜோன் டி சில்வாவின் நாடகங்களுக்கு இசையமைக்க விஸ்வநாத் லௌஜி என்பார் இந்தியாவிலிருந்து வரவழைக்கப்பட்டார். தமிழகத்து நாடகப் பாட்டுப் புத்தகங்களில் 'பார்சி மெட்டு', 'இந்துஸ்தானி மெட்டு' எனத் தலைப்பிட்ட பாடல்கள் பல உள்ளன. ஆகவே வானொலி வருவதற்கு இரு தலைமுறைகளுக்கு முன்னரே இந்துஸ்தானி மெட்டு இலங்கைக் கரையேறிவிட்டது என்பது தெளிவு. தமிழின் முதற் பேசும்படமான 'காளிதாஸ்' கூட, 'ஆலம் ஆரா'வுக்கு எழுப்பிய அரங்கிலேயே படமாக்கப்பட்டது. அதன் இயக்குநர் எச். எம். ரெட்டி இரானியிடம் பணியாற்றியவர். தமிழ்த் திரையும் இந்தித் திரையும் ஒரு கூரையின் கீழ்ப் பிறந்தவை என்று கூறினும் பிழையாகாது.

1930களின் பாடலைச் சுவைக்க விரும்புவோர் அதன் கட்டுப்பாடுகளை அறிதல் நன்று. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட நேரமே அடங்கும். ஓர் இராகத்தை மணிக்கணக்கில் விரிக்கும் மரபிலே வந்தவர்கள் அதன் சாரத்தை அம்மூன்று நிமிடத்துள் வடித்துத் தரவேண்டியதாயிற்று. நடிகரே பாடகராகவும் இருக்கவேண்டிய நிலைமை 1935இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸின் 'தூப் சாவோன்' படத்தில் பின்னணிப் பாடல் அறிமுகமாகும் வரை நீடித்தது. அதன் பின்னரும் சைகால் போன்றோர் நடித்துக்கொண்டே பாடினர். 1938இல் வெளிவந்த 'ஸ்ட்ரீட் சிங்கர்' படத்தில் தெருவிலே நடந்துசென்றவாறே சைகால் பாட, வாத்தியக்காரர் கமெராவுக்குப் பின்னால் நடந்துசென்றே வாசித்தனர் என்பர். அப்பாடல், 1856இல் நாடிழந்து கல்கத்தாவுக்குச் சென்ற அயோத்தி நவாபு வாஜித் அலி ஷா இயற்றியதாகக் கருதப்படும் பைரவித் தும்ரி. பைரவியைக் கேட்ட தமிழ்ச் செவிக்குச் சிந்துபைரவி நினைவு வரும். அதுவே நம் ஊர்க் கேள்விக்கு முதல் வாயில். அவ்வாறே 1952இல் 'பைஜு பாவ்ரா' படத்தில் மால்கௌன்ஸ் இராகத்தில் அமைந்த பக்திப்பாடலும் நமக்கு இந்தோளமாகவே ஒலித்தது. கண்ணனை வேண்டும் அப்பாடலை எழுதியவர் ஷகீல் பதாயூனி, இசையமைத்தவர் நௌஷாத், பாடியவர் முகம்மது ரபி. மூவரும் முஸ்லிம்கள் என்பது பலரும் எடுத்துரைக்கும் செய்தி. இதற்கு இணையாக நம் நாட்டிலே சேலத்தில் பிறந்து இங்கு வந்து குடியேறிய மொகிதீன் பேக், பௌத்த பக்திப் பாடல்களால் சிங்கள மக்களின் நெஞ்சில் இடம்பெற்றதை நினைவுகூரலாம்.

இனி, இப்பாடல் பாலமுனைக்கு வந்த வழியை நோக்குவோம். அவ்வழி மிக விசித்திரமானது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் தன் வீரர்களுக்காக இலங்கையில் ஒரு வானொலி நிலையத்தை நடத்தியது. ஏக்கலையில் நிறுவப்பட்ட 100 கிலோவாற் சிற்றலைப் பரப்பி போர் முடிந்தபின் இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1950இல் வர்த்தக சேவை ஆரம்பமாயிற்று. இரண்டு ஆண்டுகளில், 1952இல், பி. வி. கேஸ்கர் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். திரைப்பாடல் மலிவானது, செவ்விசைக்குப் பகையானது என்று கருதிய அவருடைய காலத்தில் அகில இந்திய வானொலியில் இந்தித் திரைப்பாடல் அருகி மறைந்தது. கேட்போர் என்ன செய்தனர்? ஊசியைக் கொழும்பின் பக்கம் திருப்பினர். அதே ஆண்டு டிசம்பர் 3ஆம் திகதி அமீன் சயானியின் குரலில் 'பினாக்கா கீத் மாலா' தொடங்கியது. பம்பாயிலே பதிவு செய்யப்பட்டுக் கொழும்புக்கு அனுப்பப்பட்டு, கொழும்பிலிருந்து இந்தியா முழுவதற்கும் பரவிய நிகழ்ச்சி அது. முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தன என்று சயானி பின்னாளில் கூறியுள்ளார். விட்டதைப் பிடிக்க 1957இல் இந்தியா 'விவித பாரதி'யைத் தொடங்கவேண்டி நேர்ந்தது. இந்தியாவின் பாட்டை இந்தியாவுக்கே கொடுத்த நாடு இலங்கை என்று சொன்னால் மிகையன்று. கேஸ்கர் செவ்விசையின்பால் கொண்ட பற்று மெய்யானதே; ஆனால் மக்களின் செவியைச் சட்டத்தால் திருப்பலாம் என்று எண்ணியது பேதைமை.

கொழும்பிலிருந்து பம்பாய்க்கு எறியப்பட்ட ஒலியின் சிதறல்களைக் கிழக்குக் கரையும் பொறுக்கிக்கொண்டது. தேசிய ஒலிபரப்பிலும் இந்திப் பாடல்கள் அவ்வப்போது இடம்பெற்றன. மின்சாரம் வராத ஊர்களில் மின்கலத்தால் இயங்கிய வானொலிப் பெட்டி, தேநீர்க்கடையின் உயர்ந்த தட்டொன்றில் வீற்றிருந்தது. பெட்டி ஒன்று, செவிகள் பல. சூடடிப்புக் காலத்தில் வயலிலிருந்து திரும்புவோரும், கரைவலை இழுத்துக் களைத்தோரும் அங்கு கூடினர். என் மூத்தவாப்பாவின் கூற்றுப்படி, ஒரு பிளேன்ரீயை வாங்கி வைத்துக்கொண்டு மூன்று பாட்டுக் கேட்பது வழக்கம். நாலாவது பாட்டுக்கு முதலாளி முகத்தைப் பார்ப்பாராம். திருமண வீடுகளுக்கும் சுன்னத்துக் கலியாணங்களுக்கும் கிராமபோனும் ஒலிபெருக்கியும் வாடகைக்கு வந்தபோது அப்பாடல்கள் தென்னந்தோப்புகளின் மேலாக அயலூர் வரை சென்றன.

கேட்டவர்கள் எதைக் கேட்டார்கள்? இவ்விடத்திலேதான் பொருத்தத்தின் திறவுகோல் கிடக்கின்றது என்று கருதுகிறேன். அக்காலத்து இந்திப் பாடலாசிரியருட் பெரும்பாலோர் உருதுக் கவிஞர்கள். மஜ்ரூஹ் சுல்தான்பூரி 1946இல் 'ஷாஜஹான்' படத்தின் வழியாகவும், ஷகீல் பதாயூனி 1947இல் 'தர்த்' படத்தின் வழியாகவும் முஷாயிரா மேடையிலிருந்து திரைக்கு வந்தவர்கள். உருதுவிலோ அரபுச் சொல் ஏராளம். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் தமிழிலும் அரபுச் சொல் ஏராளம். துனியா, துஆ, மௌத்து, ஹயாத்து, நஸீபு, றூஹு, சபுறு, கபுறு என்பன பள்ளிவாசற் சொற்கள் மாத்திரமல்ல; அடுப்படியிலும் வழங்கும் சொற்கள். பாடல் ஓடும்போது பொருள் தெரியாத சொற்களின் பெருக்கிடையே 'துனியா' என்ற சொல் மிதந்து வரும், சிறிது நேரங் கழித்து 'துஆ' வரும், 'மௌத்து' வரும். இருட்டறையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக விளக்கேற்றியது போல, அச்சொற்கள் பாட்டின் உணர்ச்சியைக் காட்டிக் கொடுத்துவிடும். மீதியைச் செவி நிரப்பிக்கொள்ளும். உலகத்தை நொந்து பாடுகிறான், இறைவனை அழைக்கிறான், சாவைப் பற்றிச் சொல்கிறான் என்ற அளவுக்கு விளங்கினால் ஒரு சோகப் பாட்டுக்கு வேறு என்ன வேண்டும்? யாழ்ப்பாணத்து இரசிகருக்கோ தஞ்சாவூர் இரசிகருக்கோ இவ்வசதி இல்லை. அவர்கள் இராகத்தின் வழியே நுழைந்தனர். நம்மவர் இராகத்தின் வழியாகவும் சொல்லின் வழியாகவும் நுழைந்தனர்.

இவ்வாறு விளங்கிக்கொண்டதில் பிழையும் நேர்ந்தது என்பதை மறைத்தல் தகாது. காதலியை நோக்கிய முறையீட்டை இறைவனை நோக்கிய முறையீடாகக் கொண்டார் உண்டு. ஆனால் பாரசீக, உருதுக் கஸல் மரபு அறிந்தோர் இதனைப் பிழையென்று எளிதில் ஒதுக்கமாட்டார்கள். உலகக் காதலும் இறைக்காதலும் ஒரே சொல்லில் மயங்கி நிற்பது அம்மரபின் இயல்பு. தமிழிலே குணங்குடி மஸ்தான் சாகிபின் மனோன்மணிக் கண்ணியைப் பாடிப் பழகிய சமூகத்துக்கு அம்மயக்கம் புதிதுமன்று.

தாளத்தைப் பற்றியும் ஒரு சொல். 1941இல் 'கஸாஞ்சி' படத்தில் குலாம் ஹைதர் பஞ்சாபின் தோலக்கைத் திரையிசையின் நடுவே கொண்டுவந்து வைத்தார். 1944இல் 'ரத்தன்' படத்தில் நௌஷாத் உத்தரப் பிரதேசத்து நாட்டார் மெட்டுகளைக் கொண்டுவந்தார். நகரத்து மேடைப் பாட்டாக இருந்தது இதன்மேற் கைதட்டிப் பாடும் பாட்டாயிற்று. 1945இல் 'ஸீனத்' படத்தில் நூர்ஜஹான், ஸொஹ்ராபாய் அம்பாலேவாலி, கல்யாணி ஆகியோர் பாடிய கவ்வாலி, பெண் குரலில் அமைந்த முதல் திரைக் கவ்வாலியாகப் போற்றப்படுவது. எட்டெழுத்து எட்டெழுத்தாய் அடிவைக்கும் அந்நடை, றபான் கொட்டிப் பழகிய கைக்கும், களிகம்பு அடித்துப் பழகிய காலுக்கும், மௌலிது மஜ்லிஸில் பைத்துக்குப் பதில் பாடிப் பழகிய வாய்க்கும் உடனே பிடிபட்டது. ஒருவர் முன்னே பாட மற்றவர் சேர்ந்து ஏற்கும் கவ்வாலி முறையும் பைத்தின் முறையும் பெரிதும் ஒத்தவை. வயலிலே பாடப்பட்ட கவியோ வேறு வகையினது. தாளக் கட்டுக்குள் அடங்காது நீண்டு இழுபடுவது. சைகாலின் நிதானமான பாட்டைக் கேட்டவர்கள் அதை நாடியமைக்குக் கவியின் அவ்விழுப்பு ஒரு காரணமாகலாம் என்பது என் துணிபு.

இத்தகைய நிகழ்வு நம் கரைக்கு மட்டும் உரியதன்று. மலையாளக் கரையில் கோழிக்கோட்டிலும் இந்தி அறியாத மாப்பிள்ளை முஸ்லிம்கள் சைகாலைக் கொண்டாடினர். கோழிக்கோடு அப்துல் காதர் 'கேரளத்துச் சைகால்' என்றே வழங்கப்பட்டார், எம். எஸ். பாபுராஜ் இந்துஸ்தானி இசையை மலையாளத் திரைக்குள் கொண்டுவந்தார். அங்கே மாளிகை மாடிகளில் மெஹ்பில் நடந்தது. நமக்குத் தேநீர்க்கடை.

கேட்டதோடு நம்மவர் நின்றிருந்தால் இவ்வாராய்ச்சிக்கு இத்துணை தேவை இராது. அவர்கள் அம்மெட்டுகளுக்குத் தமிழ்ப் பாட்டுக் கட்டினர். நபிபுகழ், ஹஜ்ஜு வழியனுப்பு, திருமண வாழ்த்து, சில வேளைகளில் தேர்தற் பாட்டு. தமிழகத்திலும் இலங்கையிலும் வெளிவந்த இசுலாமியப் பாட்டுப் புத்தகங்களில் பாடலின் தலையில் 'மெட்டு' என்று குறித்து ஏதேனும் ஒரு திரைப்பாடலின் தொடக்கத்தை அச்சிடுவது வழக்கமாயிருந்தது. தமிழ்த் திரையுலகமும் அதையே செய்தது: 1953இல் ராஜ்கபூரின் 'ஆஹ்' தமிழில் 'அவன்' ஆகியபோது, கம்பதாசனின் தமிழ் வரிகள் சங்கர் ஜெய்கிஷனின் மெட்டுக்குள் அமர்ந்தன, ஏ. எம். ராஜாவும் ஜிக்கியும் பாடினர். 'உரன் கட்டோலா' 'வானரதம்' ஆகிற்று. லதா மங்கேஷ்கர் தமிழிலேயே பாடினார்.

இதனைத் 'தழுவல்' என்றும் 'திருட்டு' என்றும் பழித்தல் எளிது, பழித்தோரும் உளர். சிங்கள இசையிலும் இப்பிரச்சினை எழுந்தது. 1952இல் இலக்னோவிலிருந்து வந்த பேராசிரியர் ரத்னஜன்கர் இலங்கை வானொலிக் கலைஞரைத் தரம் பிரித்தபோது, சுனில் சாந்த அத்தேர்வுக்குத் தோற்ற மறுத்து வானொலியை விட்டே விலகினார். நம் மண்ணின் இசையை அளக்க வடஇந்தியக் கோல் எதற்கு என்ற அவருடைய வினா நேர்மையானது. நம்மவரிடையே அவ்வினாவை எழுப்ப ஒருவர் தோன்றவில்லை. எழுப்பியிருந்தால் விடை கூறுதல் அரிது. கவி பாடுவோர் குறைந்தனர்; கரைவலையின் அம்பாப் பாட்டு, வலையை இழுக்க உழவுயந்திரம் வந்ததும் தேய்ந்தது; இரண்டின் சொற்களையும் தொகுத்தோர் அவற்றின் மெட்டைத் தொகுக்கவில்லை. இந்தி மெட்டு அவற்றைக் கொன்றது என்று கூறமாட்டேன். ஆயினும் வெற்றிடம் வெற்றிடமாகத் தெரியாமற் போனமைக்கு அது ஒரு காரணம்.

மறுப்பு வேறொரு பக்கத்திலிருந்தும் வந்தது. பாட்டு மார்க்கத்துக்கு ஆகுமா என்ற வினா ஊரில் ஓயாமல் இருந்தது. தேநீர்க்கடையில் வானொலி முழங்குவதை வெறுத்த பெரியவர்கள், அதே மெட்டில் நபிபுகழ் பாடினால் தலையசைத்தனர் என்று மூத்தவாப்பா சிரித்துக்கொண்டே சொல்வார். இவ்விருமை நம்மூருக்கு மாத்திரம் உரியதென்று நாணவேண்டியதில்லை. இலக்னோவில் தம் திருமணம் நடந்தபோது, தாம் சினிமாவுக்கு இசையமைப்பவர் என்பதை மறைத்துத் தையற்காரர் என்று பெண்வீட்டாரிடம் சொல்லியிருந்ததையும், ஊர்வலத்தில் பாண்டு வாத்தியக்காரர் வாசித்ததோ தம்முடைய 'ரத்தன்' பாடல்களே என்பதையும் நௌஷாத் பலமுறை சொல்லியுள்ளார். பம்பாய் டாக்கீஸின் இசையமைப்பாளரான குர்ஷித் ஹோம்ஜி என்ற பார்சிப் பெண்மணி, தம் சமூகத்தின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சரஸ்வதி தேவி என்ற பெயருக்குள் மறைந்துகொண்டார். 1949இல் 'மஹல்' படத்தின் புகழ்பெற்ற பாடல் வெளியானபோது இசைத்தட்டில் பாடகியின் பெயராகப் பொறிக்கப்பட்டது படத்துப் பாத்திரத்தின் பெயர்; கேட்போர் எழுதிக் கேட்ட பிறகே அது லதா மங்கேஷ்கர் என்று உலகறிந்தது. பாட்டை விரும்பிப் பாடியவரை மறைத்த காலம் அது.

மூத்தவாப்பாவிடம் ஒரு பாட்டுக் கொப்பி இருந்தது. இளமையில் திருமண வீடுகளிற் பாடுவதற்காக அவரும் அவருடைய கூட்டாளிகளும் எழுதி வைத்தது. இந்திச் சொற்களைத் தமிழெழுத்தில், காதில் விழுந்தபடி எழுதி, அதன் கீழே தாங்கள் கட்டிய தமிழ்ப் பாட்டை எழுதியிருந்தார்கள். படத்தின் பெயர் தெரியாதமையால் மெட்டுக்கு அவர்களே பெயர் வைத்தனர்: 'அழுகை மெட்டு', 'ஒட்டக மெட்டு', 'மழைக்கு முந்தின மெட்டு' என்று. எந்தெந்தப் பாடல்கள் இவை என்று கண்டுபிடிக்கும் ஆவல் எனக்குப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகே உண்டாயிற்று. அதற்குள் காலங் கடந்துவிட்டது. கொப்பி மருதமுனையில் உறவினர் வீட்டில் இருந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதிக் கடல் கல்முனைக் கரையோரத்திலே ஆயிரமாயிரம் உயிர்களைக் கொண்டு சென்றது. அவ்வீட்டிலும் இருவர் மாண்டனர். கொப்பியைப் பற்றி அப்போது கேட்க எவருக்கு வாய் வரும்? பல ஆண்டுகள் கழித்து ஒரு நாள் மூத்தவாப்பா தாமாகவே சொன்னார்: "கொப்பி போனாப் போகட்டும், மெட்டு இருக்கு." அவர் போன பின் அதுவும் இல்லை. 'ஒட்டக மெட்டு' எதுவென்று மாத்திரம் ஊகிக்கிறேன். நடையைக் கொண்டு பார்த்தால் அது 'ரத்தன்' பாடலொன்றாக இருக்கவேண்டும்.

இலங்கை வானொலியின் இந்திச் சேவை காலையில் ஒலிபரப்பிய பழைய திரைப்பாடல் நிகழ்ச்சி, நாள்தோறும் எட்டு மணிக்குச் சற்று முன்னர் சைகாலின் பாடலொன்றோடு முடிவது மரபு. அப்பாடல்கள் பலவற்றின் 78 சுழற்சி இசைத்தட்டுகள் கொழும்பு நிலையத்தின் தட்டுகளிலே இருந்தன. இந்தியாவில் கிடைக்காதவற்றைத் தேடி இந்தியர் இங்கு வந்தனர். பாலமுனையில், சைகால் பாடத் தொடங்கினால் எட்டு மணியாகப் போகிறது என்று பொருள். கடையிலிருந்து எழுந்து வயலுக்குப் போகவேண்டிய நேரம். பாட்டு முடியும் வரை இருந்துவிட்டுப் போனவர்கள் பிந்திப் போனவர்கள். மூத்தவாப்பா பிந்தித்தான் போவாராம்.